மந்திரித்த முயல்வேலி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற சாலையில், ஒரு தேயிலைத் தோட்டம் முடிந்து பள்ளம் தொடங்குகிற வளைவில், பதினோரு வீடுகள் ஒரே தகரக்கூரையைக் கம்பளி மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. அதற்குப் பேரிக்காய் லைன் என்று பெயர், இப்போது மிச்சமிருப்பது சவரியின் கொல்லையில் நிற்கும் ஒரே ஒரு பேரிமரம். அந்த லைனைச் சுற்றித்தான், ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசு காலத்தில் முயல்வேலி வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள். கம்பி வளர்ந்தது, அவ்வளவுதான். நகம் வளரவில்லையா, தலைமயிர் வளரவில்லையா, அவற்றிடம் போய் யாராவது காரணம் கேட்கிறோமா? வளர்ந்த பிறகு நாங்கள் எப்படி இருந்தோம் என்பதைக் கேளுங்கள், அதைச் சொல்ல எனக்கு ஒரு நாள் போதாது.

சவரி என்கிற சவரிநாதன் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். நல்லவன், வாயில்லாப் பூச்சி, ஆனால் பயந்தவன். அந்தப் பயம் பிறவியில் வந்ததில்லை. அவன் பெண்டாட்டி சகாயம் ஒரு மார்கழிக் காலையில் மூடுபனிக்குள் பால் வாங்கப் போனாள், வளைவில் நின்ற காட்டெருமையை அவளும் பார்க்கவில்லை, அவளை அதுவும் பார்க்கவில்லை, முட்டி எறிந்துவிட்டது. பால் தூக்கு மட்டும் உருண்டு உருண்டு எங்கள் வாசல்வரை வந்தது. அன்றிலிருந்து சவரிக்கு, வாசற்படியைத் தாண்டினால் வெளியே இருப்பது எல்லாம் எருமைதான். மகள் பிரிசில்லா அப்போது சின்னக் குழந்தை. விளையாட வெளியே போகிறேன் என்று அவள் அழுதபோது, போக வேண்டாம், விளையாட்டை உள்ளேயே கொண்டுவருகிறேன் என்று சொல்லி, சந்தையிலிருந்து இரண்டு முயல் வாங்கிவந்தான். இரண்டு முயல் எத்தனை ஆகும் என்று முயல் வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் முயல் வளர்த்த அழகைச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் பலகைக் கூண்டு, மழைச்சாரல் படாமல் முன்னால் சாக்கு, உள்ளே காய்ந்த புல். காலையில் எழுந்து வேதம் ஓதுகிறானோ இல்லையோ, புழுக்கையை அள்ளி, நனைந்த புல்லை மாற்றி, ஒவ்வொரு முயலையும் மடியில் மல்லாத்திப் பின்பக்கம் பார்ப்பான். அங்கே ஈரம் இருந்தால் ஈ முட்டை வைத்துவிடும், புழு உயிரோடு தின்றுவிடும் என்பான். குளிப்பாட்ட மாட்டான், முயலுக்குத் தண்ணி விஷம் என்பான். மெத்தென்ற பிரஷ்ஷால் சீவிவிடுவான். பல் வளர்ந்துகொண்டே போகுமாம், அதற்குக் கடிக்கப் பேரிக்கிளை. பொழுது போக வேண்டுமாம், அதற்கு அட்டைப்பெட்டி, உடைந்த சிமெண்ட் குழாய், ஒளித்து வைத்த கேரட்துண்டு, மணி கட்டிய பந்து. “என் வீட்டு மனுஷன் எனக்கு இந்த மாதிரி ஒரு பந்து வாங்கித் தந்ததில்லையே”ன்னு நான் கேலி பண்ணுவேன். பிரிசில்லா அந்தக் குழாய்க்குள் ஊர்ந்து, அந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு அப்பன் கையைப் பிடித்துப் போய், அப்பன் கையைப் பிடித்தே திரும்பி வந்து, அப்படியே வளர்ந்து பெரியவள் ஆனாள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் சிறுத்தை வந்தது. எங்கள் நாயைத் தூக்கிற்று, அடுத்த நாள் சவரியின் கூண்டைச் சுற்றி ஈர மண்ணில் கால்தடம் வைத்துவிட்டுப் போயிற்று. சவரி அன்றைக்கே மேட்டுப்பாளையம் போய் ஒரு சுருள் கம்பிவலை வாங்கிவந்தான். அடுத்து வந்தது வனத்து அந்தோனியார் திருநாள், ஆடு மாடு கோழி எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருகிற நாள். ஊரே கயிற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவன் மட்டும் தோளில் கம்பிச்சுருளோடு நின்றான்.

“ஆடு மாடெல்லாம் வந்திருக்கு, நீ என்னப்பா கம்பியைத் தூக்கிட்டு வந்திருக்கே?” என்று சாமியார் கேட்டார்.

“முயலைக் கொண்டுவந்தா வழியிலேயே பயந்து செத்துப்போயிடும் சாமி. இதை மந்திரிச்சுக் குடுங்க. இதுக்குள்ள இருக்கிறது எதுவும் வெளிய போகக் கூடாது, வெளிய இருக்கிறது எதுவும் உள்ள வரக் கூடாது. அது போதும் சாமி.”

சாமியாருக்குச் சளி, கூட்டமோ நெரிகிறது, வாளியில் தீர்த்தமும் மிச்சம் இருந்தது. அவன் சொன்னதையே ஜெபமாகச் சொல்லி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் தெளித்ததைவிட நாலு மடங்கு அந்தச் சுருளின்மேல் ஊற்றிவிட்டார். முயலை மந்திரித்திருந்தால் முயலுக்கு நல்லதாகப் போயிருக்கும். வேலியை மந்திரித்தார்கள், வேலி தன் வேலையைச் செய்தது.

சவரி அந்த வலையைப் பேரிமரத்தைச் சுற்றி அடித்தான், பருந்துக்குப் பயந்து மேலேயும் மூடினான், முயல் தோண்டிப் போகாமலிருக்க மண்ணுக்கடியில் ஒரு முழம் இறக்கி உள்பக்கமாக மடக்கியும் விட்டான். ஒரு மூலையில் கதவு, ஒன்றரைச் சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். முயல் வீட்டுக்கு வேறு எந்தப் பக்கம் தாழ்ப்பாள் வைப்பார்கள்? முயல்கள் உள்ளே துள்ளின, சிறுத்தை ஒரு தடவை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று, சவரி சகாயம் போன நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் குறட்டை விட்டுத் தூங்கினான். நடுச்சுவர் ஒற்றைச் செங்கல், எங்களுக்குக் கேட்கும்.

மாசி பிறந்தபோது, தோட்டத்து மைதானத்தில் நாய்களுக்கு ஊசி போட கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். பிரிசில்லா ஒரு முயலைக் கொண்டுபோனாள். அவள் அதன் பின்பக்கத்துக்கு ஒரு கை கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கின விதத்தைப் பார்த்து, “உனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தா? எங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறியா? தங்கறதுக்கு ரூம் இருக்கு. ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை வந்து சேர்ந்துடு, அதுக்கு மேல இடத்தை வெச்சிருக்க முடியாது” என்று சொல்லியிருக்கிறார். அவள் ஓடி வந்தாள், என் டீக்கடை முன்னால் நின்று மூச்சு வாங்கினாள், அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. “அத்தை, கோயம்புத்தூர்! மிருக ஆஸ்பத்திரி! நான் போகப் போறேன்!” என்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த நிமிஷம் என் வயிற்றில் பிறந்தவளே சொன்ன மாதிரி நான் ஒரு வர்க்கியை எடுத்து அவள் வாயில் திணித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பனிடம் சொன்னாள். சவரி திட்டவில்லை, அடிக்கவில்லை, அவனுக்கு அதெல்லாம் வராது. “சரிம்மா” என்றான். “நல்லதுதான்மா” என்றான். அதன்பிறகு அந்த வீட்டில் குறட்டை கேட்கவில்லை.

விடிந்து பார்த்தால் வேலி பேரிமரத்தை விட்டு நகர்ந்து சவரியின் வீட்டைச் சுற்றி நின்றது. அவனும் மகளும் உள்ளே, முயலும் உள்ளே. மறுநாள் ஒட்டியிருந்த என் வீடும் கடையும். அதற்கடுத்து அந்தப் பக்கத்து வீடுகள். அந்த வாரம் முடிவதற்குள் பதினோரு வீடும், குழாயடியும், மாதா சிலை நிற்கும் கெபியும் வலைக்குள் வந்துவிட்டன. மேலே தகரக்கூரைக்கு மேல் வலை வளைந்து மூடியது, கீழே எவ்வளவு தோண்டினாலும் மண்வெட்டியில் கம்பி இடித்தது. எல்லாம் வளர்ந்தது, கதவு மட்டும் வளரவில்லை. அதே ஒன்றரைச் சாண், அதே வெளிப்பக்கத் தாழ்ப்பாள், லைன் முனையில் சாலையைப் பார்த்துக்கொண்டு.

வெட்டிப் பார்க்காமல் இருப்போமா? வெட்டினோம். என் புருஷன் இன்னாசி காய்கறி லாரி ஓட்டுகிறவர். வேலி வளர்ந்த இரவில் அவர் மேட்டுப்பாளையம் மண்டியில் இருந்ததால் வெளியே மாட்டிக்கொண்டார், அவர் வெளியிலிருந்து பெரிய கட்டிங் பிளேயரால் வெட்டினார். நறுக்கென்று வெட்டும், ஓட்டைக்குள் தலையை விடுவதற்குள் நுனியும் நுனியும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கதவைக் கழற்றலாம் என்றால் திருகாணி சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், கழலாது. சாமியாரை வரவழைத்தோம். அவர் ஒன்றரைச் சாண் கதவு முன்னால் அங்கியைச் சுருட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, “மந்திரிக்கத்தான் எனக்குத் தெரியும், மந்திரிச்சதைத் திருப்பி எடுக்க எந்தப் புத்தகத்துலயும் ஜெபம் இல்லை. மேல இருக்கிற ஆயருக்கு எழுதறேன்” என்றார். எழுதியிருப்பார். ஆயருக்கு எத்தனையோ வேலை.

அப்புறம் என்ன, பழகிவிட்டோம். மனுஷனைப் போலப் பழகிப்போகிற ஜென்மம் வேறு உண்டா? பால்காரர் வந்து தாழ்ப்பாளைத் திறந்து பால் பாக்கெட்டை உள்ளே தள்ளுவார். சின்னப்பிள்ளைகள் அந்தக் கதவு வழியாக ஊர்ந்து பள்ளிக்கூடம் போய், ஊர்ந்து திரும்பி வருவார்கள். தோள் அகலமானதுகள் போக முடியாமல் வீட்டிலேயே தங்கின, அதுகளுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். கேஸ் சிலிண்டர் கதவில் நுழையாது, விறகு நுழையும், விறகடுப்புக்குத் திரும்பினோம். பெண்கள் கொழுந்து பறிக்கப் போக முடியாதென்று பூண்டு வியாபாரி பை பையாக மலைப்பூண்டைத் தள்ளிவிட்டுப்போவார், உரித்து, தரம் பிரித்து, திருப்பித் தள்ளுவோம். ஞாயிற்றுக்கிழமை சாமியார் நன்மை அப்பம் கொடுக்க வருவார்; ஒவ்வொருவராக மண்ணில் மண்டியிட்டு, தலையைக் கதவு வழியாக நீட்டி, நாக்கை நீட்டி வாங்கிக்கொள்வோம். கோயிலில்கூட அவ்வளவு பக்தியாக நான் மண்டியிட்டதில்லை. இன்னாசி தினமும் சாயங்காலம் வலைக்கு வெளியே வந்து நின்று, “சாப்பிட்டியா மார்த்தா?” என்று கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து ஒரே வீட்டுக்குள் இருந்தபோது அந்த மனுஷன் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது வேறு விஷயம். சீஸனுக்கு முன்னாலேயே டூரிஸ்ட்காரர்கள் வேன் வேனாக வந்து நின்று படம் பிடிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்றால் ஒரு கேரட்டையோ முட்டைக்கோஸ் இலையையோ எடுத்து உள்ளே நீட்டத் தோன்றுகிறது மனுஷனுக்கு! அறிவாளி, முட்டாள், உள்ளூர், வெளியூர் எந்த வித்தியாசமும் இல்லை, கை தானாக நீளுகிறது. ஒருநாள் நல்ல கம்பளிக்கோட்டுப் போட்ட ஒருத்தர் கொத்தமல்லிக் கொத்தை எனக்கு முன்னால் நீட்டி, உதட்டைக் குவித்து ச்சு ச்சு என்றார். “நான் என்ன முயலாடா? எடுத்துக்கிட்டுப் போ, கட்டையில போறவனே!” என்று கத்தி, அதைப் பிடுங்கி அவர் முகத்திலேயே வீசினேன். அவர் பயந்து பின்வாங்கி, “இது கடிக்கும்போல” என்று மனைவியிடம் சொன்னார்.

சவரியோ, அந்த நாட்களில் பத்து வயசு குறைந்தவன்போல நடமாடினான். ஃபாக்டரிக்குப் போக வேண்டியதில்லை, மகள் கண்ணெதிரே. விடிந்ததும் முயல் வேலை முடித்து எங்கள் வேலைக்கு வந்துவிடுவான். லைன் முழுக்கப் பெருக்குவான். சாக்கடையைக் குத்திவிடுவான். சாரல் அடிக்கிற பக்கம் எல்லா வீட்டுக்கும் தார்ப்பாய் கட்டினான். எங்களுக்குப் பொழுது போகவேண்டுமென்று கேரம்போர்டு செய்தான், பேரிக்கிளையில் ஊஞ்சல் போட்டான். சாயங்காலம் வாசல் வாசலாக வந்து, “எல்லாரும் உள்ள இருக்கீங்களா?” என்று கேட்பான், வேறு எங்கேடா இருப்போம் என்று நான் மட்டும்தான் கத்துவேன், மற்றவர்கள், “இருக்கோம் சவரி” என்பார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? கரடி வருவதில்லை, காட்டெருமை வருவதில்லை, கடன்காரன் வந்தாலும் கதவில் நுழைய முடியாது. சிறுத்தை ஒருநாள் பட்டப்பகலில் வந்து வலைக்கு வெளியே உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நாங்களும் நாற்காலி போட்டு அதைப் பார்த்தோம். சுத்தமாக இருந்தோம், பத்திரமாக இருந்தோம், பொழுதும் போயிற்று, பிறகென்ன குறை என்று லைனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

குறை ஒருத்திக்குத்தான். பிரிசில்லா பெட்டி கட்டி வைத்துவிட்டாள். தினமும் அந்தக் கதவுக்குப் போய்ப் படுத்து, ஒரு கையை முதலில் விட்டு, தலையைத் திருப்பிப் பார்ப்பாள். தலை போகும், தோள் போகாது. குருத்தோலை ஞாயிறன்று நான் அவள் தோளிலும் இடுப்பிலும் தேங்காயெண்ணெய் தடவி, பின்னாலிருந்து தள்ளினேன், வெளியிலிருந்து இன்னாசி கையைப் பிடித்து இழுத்தார். கம்பி தோலைக் கிழித்தது. “இன்னும் தள்ளுங்க அத்தை, இன்னும் தள்ளுங்க” என்று அவள் சொல்ல, எனக்கு அழுகை வந்துவிட்டது. ரத்தத்தோடு உள்ளே இழுத்துப் போட்டேன். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சவரி, மஞ்சள்தூளும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

அவள் மஞ்சளைத் தொட விடவில்லை. எழுந்து உட்கார்ந்து, “அப்பா, நம்ம வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்பா இருக்கு?” என்று கேட்டாள்.

“உள்பக்கம்.”

“மார்த்தா அத்தை வீட்டுக்கு?”

“உள்பக்கம்தான்மா.”

“இதுக்கு மட்டும் ஏன்பா வெளிப்பக்கம்? தாழ்ப்பாள் அங்க இருக்கிறவரைக்கும் இது முயல் கதவு. முயல் கதவு முயல் அளவுக்குத்தான் இருக்கும். இந்தப் பக்கம் மாத்துங்கப்பா. நீங்க மந்திரிச்சுட்டு வந்த கம்பி, நீங்க திருகினா கழலும். எனக்கு அது தெரியும்.”

சவரி பதில் சொல்வதற்குள் லைன் சனம் வாயைத் திறந்தது. மூணாம் வீட்டு அருள்மேரி, “ஏண்டி, நீ ஒருத்தி போகணும்கிறதுக்காக நாங்க எல்லாரும் கரடிக்கு இரையாகணுமா?” என்றாள். பூண்டுக்காசு நின்றுவிடும் என்றார் ஒருவர். சவரி அவர்கள் முகத்தையெல்லாம் பார்த்து, அதில் தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதுபோல, “ஊரே வேண்டாம்கிறாங்கம்மா” என்றான். அடப்பாவி, ஊர்மேலே பழியைப் போட்டாயே என்று நான் அவனைப் பிடி பிடியென்று பிடித்தேன். அவன் தலை குனிந்து நின்றான், ஆனால் அசையவில்லை.

அதன்பிறகு பிரிசில்லா கேட்கவில்லை. அழவில்லை, சண்டை போடவில்லை, கதவுப்பக்கம் போகவுமில்லை. வேலியின் ஒரு மூலையில், சாலைக்கு எதிரே, முழங்காலைக் கட்டி, முதுகை வளைத்து, கம்பிக்கு முகம் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். சவரி சோறு கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து பார்த்தபோது சோறு அப்படியே இருந்தது. பிடிவாதம், பசித்தால் தின்பாள் என்றது லைன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சவரிக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அவன் முயல் வளர்த்தவன்.

முயல் வளர்க்கிறவனுக்குச் சிறுத்தையைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. முயல் தின்னாமல் இருந்துவிட்டால் அவ்வளவுதான். நாய் பட்டினி கிடக்கும், மாடு பட்டினி கிடக்கும், முயலுக்கு ஒரு நாள் குடல் நின்றால் உயிர் நின்றுவிடும். முன்பு ஒருதடவை அவனிடம் ஒரு கறுப்பு ஆண் முயல் இருந்தது, ஜோடியை விற்றுவிட்டான். அது மூலைக்குப் போய் முதுகை வளைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்து உட்கார்ந்தது. உடம்பில் ஒரு நோயில்லை. புல்லை மாற்றினான், வயிற்றைத் தடவினான், கொத்தமல்லி வைத்தான், புதுப் பந்து வைத்தான். அது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மத்தியானம், லைன் முழுக்கச் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டிருக்க, சவரி மகளிடம் போய் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே நின்றேன். தட்டில் கொத்தமல்லித் துவையல் பிசைந்த சோறு வைத்திருந்தான், அவளுக்குப் பிடித்தது. நாலு உருண்டை பிடித்து ஒன்றை வாயருகே கொண்டுபோனான், வாய் திறக்கவில்லை. அவள் முதுகைத் தடவினான். முயலைத் தடவுவதுபோலக் கழுத்திலிருந்து கீழ்நோக்கி, மெதுவாக. பாதியில் கை நின்றுவிட்டது. அந்த வளைவு அவன் கைக்குத் தெரிந்த வளைவு. என்னைத் திரும்பிப் பார்த்தான், அவன் முகம் சாம்பலாகப் போயிருந்தது.

“அக்கா, அந்தக் கறுப்பு முயல் ஞாபகம் இருக்கா?” என்றான். “அது மேல ஒரு ஈ உட்கார விடலை நான். ஒரு பூனை அண்டலை. சுத்தமா, பத்திரமா செத்துப்போச்சுக்கா.”

சொல்லிவிட்டு அவன் அழுதான் பாருங்கள், சகாயத்தைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன். அவள் மட்டும் கம்பியைப் பார்த்தபடியே இருந்தாள்.

பிறகு எழுந்துபோய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தான். வலைக்கு வெளியே நின்ற இன்னாசியிடம், “மாமா, கொஞ்சம் தாழ்ப்பாளைத் திறங்க” என்றான். கதவு உள்பக்கமாகத் திறந்ததும் அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் திருகாணியில் முனையை வைத்தான். அருள்மேரி ஓடிவந்து கையைப் பிடித்தாள், அவன் கையை உதறவில்லை, “விடு மேரி, என் பிள்ளை சாப்பிடலை” என்றான், அவள் விட்டுவிட்டாள். நாங்கள் அத்தனைபேர் திருகியும் சுற்றிக்கொண்டே இருந்த திருகாணி அவன் கைக்கு வெண்ணெயில் குத்தின ஊசிமாதிரி வந்தது. தாழ்ப்பாளைக் கழற்றினான், உள்பக்கம் திருப்பி வைத்தான், ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினான். ஃபிட்டர் இல்லையா, ஒரு நூல் கோணவில்லை. முடித்ததும் அதே கையால் ஓர் உருண்டைச் சோற்றை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

ஈஸ்டர் காலையில் கதவு ஆள் உயரம் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவு உயரம், எங்கள் வீட்டுக் கதவு அகலம், உள்பக்கம் தாழ்ப்பாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. இன்னாசி முதல் ஆளாக உள்ளே வந்து, “ஒரு டீ போடு” என்றார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் பிரிசில்லா கிளம்பினாள். ஒவ்வொரு முயலிடமும் போய்ச் சொல்லிக்கொண்டாள். என் கையைப் பிடித்து, “அத்தை, நீங்க முதல்ல வந்து பார்க்கணும், நீங்கதான் என்னைத் தள்ளிவிட்டீங்க” என்றாள். “வராம எங்கடி போகப்போறேன், உன் கையால காபி குடிக்கணும்” என்றேன். சவரி கதவுவரை பெட்டியைத் தூக்கிவந்தான். அங்கே நின்றுவிட்டான், மூடுபனியைப் பார்த்தான், வளைவைப் பார்த்தான். அவள் தாண்டிப் போய், அந்தப் பக்கம் நின்று, பெட்டிக்காகக் கை நீட்டினாள். அவன் பெட்டியைக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சகாயம் போன பாதையில் கால் வைத்து, பஸ் ஸ்டாப்வரை அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

இப்போதெல்லாம் அவன் மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் போய்வருகிறான். போகும்போது முயல்களை என்னிடம் விட்டுவிட்டுப் போவான். லைன் சனமா? கதவு திறந்துதான் இருக்கிறது, முக்கால்வாசிப்பேர் போகவில்லை. பிள்ளைகளும் இன்னாசி மாதிரி வண்டிக்காரர்களும் போகிறார்கள், வருகிறார்கள்; மற்றவர்கள் பூண்டு உரிக்கிறார்கள், கேரம் ஆடுகிறார்கள். இருட்டுவதற்கு முன்னால் தாழ்ப்பாளை உள்பக்கமாகப் போட்டு, பூட்டும் போட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறோம். அந்த வேலையை நான்தான் செய்கிறேன், மற்றவர்களை நம்ப முடியாது.

பிரிசில்லா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எப்போ வர்றீங்க அத்தை, எப்போ வர்றீங்க என்று. நானும் போகத்தான் இருந்தேன். புடவை மாற்றி, பை எடுத்து, கதவுவரை போவேன். அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வரும், திரும்பிவிடுவேன். இன்னொரு தடவை குடை. இன்னொரு தடவை கால்வலி. வாசலுக்கு அந்தப் பக்கம் சாலை அகலமாகத் தெரிகிறது, இவ்வளவு அகலமாக முன்பு இல்லை. நேற்று சவரி ஊரிலிருந்து திரும்பிவந்தான், வெள்ளைச் சட்டை, கையில் சந்தைப்பை, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு சாலையிலேயே நின்று பேசினான். நான் வலைக்கு உள்ளே அந்த மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். “சில்லா உங்களைத்தான் கேட்டா அக்கா” என்றபடி வலைப்பக்கம் வந்தவன், பேச்சு வாக்கில் பைக்குள் கையை விட்டு, ஒரு கொத்துக் கொத்தமல்லியை உருவி, கம்பிக்கண் வழியாக என் முன்னால் நீட்டினான். அவனுக்கே தெரியாது நீட்டினது. பார்வை வேறெங்கோ இருந்தது. எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. வந்தது, வெளியே வரவில்லை. கொத்தமல்லி நல்ல பச்சை, நல்ல வாசனை.

நான் வாங்கித் தின்றேன்.